ஸ்டோர் ரூம்

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மகள் மறுபடியும் கேட்டாள்.

"அப்பா என்னை ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டினாரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா."

"எத்தனை தடவைடி சொல்றது? கனவு கண்டுட்டு வந்து என் உயிரை வாங்காதே!"

"நான் கதவைத் தட்டினது, நீ வெளியே நின்னு அழுதது... எல்லாமே கனவா?"

"எல்லாமேதான்!"

சுவரோடு பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு. ஒருவேளை தன் புத்திதான் பேதலித்துவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. அலுத்துப்போய், "சரி, கனவுதான். விடு" என்றாள்.

அம்மாவின் முகம் தெளிந்தது.

"அப்பாடா! நீயாவது ஒத்துக்கிட்டியே. உன் தம்பி என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கறான். உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அடக்கி வச்சிருக்கேன். அவனுக்கும் இதே கனவுதான்."