பன்னாடை என்று ஏசிய பானை

பதநீர் விற்கும் கொட்டகையில் இருந்த மண்பானைக்கு வாய் நீளம். அகப்பை சிந்தினாலும் சரி, குடிக்க மடக்கிய ஓலைப்பட்டை ஒழுகினாலும் சரி, "ஏலே பன்னாடை" என்று அதே வசவுதான் வரும்.

பானையின் வாய்மேல் விரிந்து பதநீரை வடிகட்டிக் கொடுப்பதே பனைமட்டை நாரான பன்னாடைதான். அந்த வசவைக் கேட்கும்போதெல்லாம் அதற்கு உடம்பு பற்றி எரியும்.

"உனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? எதுக்கு என் பேரைச் சொல்லி ஏசுத?" என்று ஒருநாள் கேட்டேவிட்டது.

"நல்லதையெல்லாம் ஒழுக விட்டுட்டு, செத்த ஈயையும் எறும்பையும் நெஞ்சோட கட்டிக்கிடுத. பெறகு என்ன சொல்ல?" என்று பானை சிரித்தது. ஓலைப்பட்டையும் கூடச் சேர்ந்து சிரித்தது.

மறுநாள் காலை பனையேறி அவசரமாகக் கலயத்தைச் சாய்த்தபோது, பன்னாடை பானையின் வாயைவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பதநீரோடு தேனீயும் கட்டெறும்பும் பாளைத்தூளும் பானைக்குள் விழுந்தன.

முதலில் வந்தவர் எட்டிப் பார்த்தார். "சீ, இதை மனுசன் குடிப்பானா?" என்று போய்விட்டார். பனையேறி பதநீரை மண்ணில் கொட்டிவிட்டு, பானையை வெயிலில் வைத்தார். குப்பை மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டது.

"ஏன் இப்படிச் செஞ்ச?" என்று பானை முனகியது.

"நல்லது மண்ணோட போச்சு. குப்பை உன் வயித்துல கெடக்கு. இப்பச் சொல்லு, உன்னை என்னன்னு ஏச?"

பானையின் வாய் திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்குத் தெரிந்த வசவு அந்த ஒன்றுதான்.