சாலமோன் வாத்தியாரின் பிழைகள்

சேரன்மாதேவி தாணுமாலையப் பிள்ளையவர்கள் குமாரனும், பள்ளிக்கூடப் படி மிதியாமலே இலக்கணம் கற்றுத் தேறியவனுமாகிய சிவசண்முகம் பிள்ளை என்னும் நான், வயது அறுபத்து மூன்று, தமிழுக்கு நேர்ந்த ஒரு கொடுமையை எழுதலானேன்.

என் மனைவி பிரம்மநாயகி காலமான பின்பு நாற்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். யாரோடும் பேசவில்லை. சுவரில் எழுத்துப்பிழை ஏதும் இல்லாமையால் பேசுவதற்கு அவசியமும் நேரவில்லை.

"ஒரு வாய் கஞ்சியாவது குடிங்கப்பா" என்று மகள் கோமு அழுவாள். நான் திரும்பமாட்டேன்.

நாற்பத்தோராம் நாள் மாலை, அடுத்த தெருவுக்குப் புதிதாய்க் குடிவந்த மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சாலமோன் ஒரு தாளோடு வந்தார்.

"துரைக்கு மனு எழுதியிருக்கேன். ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

'பள்ளிக்கூடத்துக் கூரை ஒளுகுகிறது' என்றிருந்தது.

"ஒளுகுகிறதா? ஏன்வே, கூரையைவிட உம்ம தமிழ்லல்லா ஓட்டை பெருசா இருக்கு!"

அடுக்களையில் கோமு கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"சிறப்பு ழகரமா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று பாவி சிரித்தார்.

மறுநாள் 'வாளைப்பழம்' என்று எழுதிவந்தார்.

"வாளை மீனுல்லா! மீன்ல எங்கவே பழம் காய்க்குது?"

தினம் ஒரு தாள். திருத்துவதற்கு எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. வெளிச்சத்துக்காக முற்றத்துக்கு வர வேண்டியதாயிற்று. கத்திய கத்தலில் பசித்தது. சோறு கேட்டு வாங்கித் தின்றேன். எல்லாம் தமிழின் பொருட்டே.

ஒரு மாதம் பொறுத்தேன். இவரை வேலையிலிருந்து நீக்கினாலொழியப் பிள்ளைகளுக்கு விமோசனம் இல்லை என்று தீர்மானித்து, ஆற்றில் தலைமுழுகி, வெள்ளை வேட்டி உடுத்தி, தாள்களைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் சென்றேன்.

தலைமை வாத்தியார் அப்பாத்துரை தாள்களைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சாலமோனா? அச்சுக்குப் போகுத எங்க புஸ்தகத்துக்கெல்லாம் பிழை பாக்குதவரே அவருதான் அய்யா! அவருக்குப் பிழையே எழுத வராது. பிள்ளைங்க சிலேட்டைப் பாத்துப் பாத்துப் பொறுக்கி எழுதிட்டுப் போறாரு."

"எதுக்காம்?"

"யாரோ ஒரு அண்ணாச்சி, பொஞ்சாதி போனதுலேருந்து வாயே திறக்கலியாம். பிழையைக் கண்டா மட்டும் சும்மா இருக்கமாட்டாருன்னு அவரு மக வந்து சொல்லி அழுதுச்சாம். ஆமா, நீங்க யாருன்னு சொல்லலியே?"

வாழ்நாளில் முதன்முறையாக என் பெயரைச் சொல்லாமல் திரும்பினேன்.

மாலையில் சாலமோன் வந்தார். தாளை வாங்கி முழுவதும் வாசித்தேன்.

"பிழை இல்லவே."

அவர் முகம் வெளிறிற்று. "அய்யோ, நல்லாப் பாருங்க அண்ணாச்சி! மூணாவது வரி... 'மனம்'னு வரவேண்டிய இடத்துல 'மணம்'னுல்லா இருக்கு?"

"மனம் சரியாயிட்டுதுவே. நாளைக்கும் வாரும். தாள் வேண்டாம்."

இவ்விவகாரம் தீர்ந்த நாள்: சௌமிய வருஷம் தை மாதம் 12ஆம் தேதி, திங்கட்கிழமை.