ஹாலில் ஒரு படகு

காலையில் எழுந்து பல் துலக்கினான். டீ போட்டுக் குடித்தான். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு ஹாலுக்கு வந்து, குப்புறக் கிடந்த முதுகை மெல்லத் துடைத்துவிட்டான். பிறகு விலாவைத் தடவிப் பார்த்தான். எங்கும் வீங்கியிருக்கவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஹால் முழுக்கப் பாய்மரப் படகு.

"வார்னிஷ் காஞ்சுடுச்சா மாப்ளே? இன்னைக்கு வெளிய எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம் மாமா."

"எந்த வழியா?"

அவன் வாசற்கதவைப் பார்த்தான். பிறகு படகைப் பார்த்தான்.

வரைபடத்தில் ஒவ்வொரு பலகைக்கும் மில்லிமீட்டர் கணக்கில் அளவு இருந்தது. அவனும் பிசகாமல் அறுத்தான். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் போனபின் அதை நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டு அளந்தான். வாசற்கதவைப் பற்றி வரைபடத்தில் எதுவும் இல்லை.

"சாய்ச்சு எடுத்தா?"

"அப்பவும் இடிக்கும் மாமா."

"நல்லாருக்கு போ! கல்யாண போட்டோ மாட்டக்கூட இந்தச் செவுத்துல ஆணி அடிக்க விடாதவன் நான். பேசாம ரெண்டா அறுத்து வெளிய கொண்டு போய் ஒட்டிக்கோ."

மாடிப்படியில் மாமியாரின் குரல் கேட்டது. "அறுப்பீங்களா? எங்க, ரம்பத்தைத் தொடுங்க பாக்கலாம். பொண்ணு கடைசியா சொன்னது மறந்துபோச்சா?"

மாமனார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார்தான் கேட்டார். "கடைசியா என்னப்பா சொன்னா?"

"படகைப் பத்தித்தான் அத்தை."

அவன் சொன்னது அவ்வளவுதான். லிஃப்ட் கீழே வருவதற்குள் அது "படகை முடிச்சுடுங்க" என்று ஆகியிருந்தது. சின்ன மாமியார் வாயில் விழுந்தபோது "அந்தப் படகுலதான் என் உசுரு இருக்கு" என்று வளர்ந்தது. ஆபீஸ் மேனேஜர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு லீவு கொடுத்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் "அலைகளில் நான் வாழ்வேன்" என்று பேனரே அடித்துவிட்டார்.

திருத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்போது எதுவுமே தோன்றவில்லை. விலாக்கட்டைகளோடு பாதியில் நின்ற படகு மட்டும் வீட்டில் இருந்தது. அதைச் செய்துகொண்டிருந்தான்.

"பீரோ வாங்கப் போறதுக்கு முன்னாடி மாடிப்படியை அளந்துட்டு வந்தவ என் பொண்ணு" என்று மூக்கைச் சிந்தினார் மாமியார். "அப்படி எல்லாத்தையும் யோசிக்கறவளுக்குக் கடைசி நேரத்துல இந்தப் படகு மேலதான் நெனப்பு. அதைப் போய் அறுக்கறாராம்."

கொத்தனாருக்கு ஆள் போயிற்று.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். படகைப் பார்த்தார். "ஏன் சார், இதை மொட்டை மாடில வச்சுக் கட்டிருக்கலாமே?"

"நீ இடிப்பா. செத்தவ ஆசை இது" என்றார் மாமனார். பிறகு சம்மட்டியைத் தானே வாங்கி முதல் அடியைப் போட்டார். "என் பொண்ணை விடவா செவுரு பெருசு?"

ஜன்னலோடு சேர்ந்து சுவர் சரிந்தது. தெருவே கூடிவிட்டது. எட்டுப் பேர் தூக்க, செங்கல் தூசியோடு படகு வெளிச்சத்துக்கு வந்தது. யாரோ கை தட்டினார்கள். மாமியார் படகின் முதுகில் முகத்தை வைத்து அழுதார். மாமனார் சம்மட்டியைத் தோளில் போட்டபடி நிமிர்ந்து நின்றார்.

சங்கச் செயலாளர் செல்போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "இந்தச் சுவரை இடிக்க வச்சது ஒரு பொண்ணோட கடைசி வார்த்தை! சார், ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. உங்க வாயால, அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அவன் தயங்கினான். "வேணாம் சார்."

"சொல்லுங்க மாப்ளே" என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானும் கேக்கணும்."

சுவர் இருந்த இடத்தில் ஹால் தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. பக்கத்தில் வாசற்கதவு மட்டும் பூட்டோடு அப்படியே நின்றது.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளுமுன் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, மூச்சு வாங்க அவள் கேட்டதை, ஒரு எழுத்து கூட்டாமல் அவன் சொன்னான்.

"ஏங்க, வாசக்கதவை அளந்தீங்களா?"