ஐஸ் பிளாஸ்க்

என் கணவர் முனிராஜின் இரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. அதை முறிக்க ஐசியூவில் சோடா பைகார்பனேட் ஏற்றினார்கள். தினமும் காலையில் அவர் மணிக்கட்டில் எடுத்த இரத்தத்தை, லேபில் தந்த பிளாஸ்கில் ஐஸுக்குள் வைத்து, எதிர்த்தெருவிலிருந்த அந்த லேபுக்கு நான்தான் ஓடுவேன். இரத்தத்தின் பிஎச் அளவு ஏழு புள்ளி நாலு வந்தால் பிழைப்பார் என்றார் டாக்டர். ஏழு புள்ளி ஒன்றைத் தாண்டவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து, மூன்று நாள் வீட்டில் கிடந்த பிளாஸ்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரிப்போர்ட் கொடுக்கும் மமதா சிரித்தாள்.

“ஸ்வீட் எங்கக்கா? ஏழு புள்ளி நாலு! நார்மல் ஆயிடுச்சு.”

சீட்டில் அவர் பெயர், அன்றைய தேதி.

“யாரு கொண்டாந்தது?”

“நீங்கதானேக்கா? இன்னிக்குக் காலைல மூச்சு வாங்க ஓடியாந்தீங்களே!”

பிளாஸ்கைத் திறந்தேன். ஐஸ் கரையவில்லை. நடுவில் இரத்தத்தோடு ஒரு சிரிஞ்ச் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.