கரி பிடித்த தகடுகள்

“ஏஞ்சாமி, உம்பொண்டாட்டி செம்புத் தட்டத்த இப்படியா கரி புடிக்க உட்டுவெப்பா?”

எடப்பாடியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த காளியாத்தாள், கொல்லையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏற்கனவே தேய்த்த தகடு பளபளத்தது.

மகன் சென்னிமலை ஓடிவந்தான்.

“அது கரியில்லம்மா. சௌந்திரம் காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணிப் பூசுன பூச்சு. முடியைவிட மெல்லிசு. வெயில் சூட்டைப் புடிச்சு, விறகில்லாமத் தண்ணி காய வெக்கறதுக்கு.”

“அப்புறம் அதையேன் கழுவற பாத்திரத்தோட போட்டா?”

சாயங்காலம் சௌந்திரம் திரும்பும் சேலம் பஸ் வரும்வரை வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான்.

சௌந்திரம் உள்ளே நுழைந்ததும், “அம்மா தெரியாமத் தேச்சிருச்சு. கோவிச்சுக்காத” என்றான்.

“மூணையுமா தேச்சாங்க?”

காளியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ரெண்டு வெளுத்துப்போச்சு. ஒண்ணு மட்டும் என்ன தேச்சும் போவல. கைதான் நோவுது.”

சௌந்திரம் அந்தக் கறுப்புத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப இதுதானுங்க அத்தை தேறுனது. காலேஜ்ல எப்படித் தேச்சுப் பாத்தாலும் மூணு விதப் பூச்சும் அப்படியே நிக்குது. உங்க கைக்கு எது தாங்குதுன்னு பாக்கத்தான், வேணும்னே பாத்திரத்தோட வெச்சுட்டுப் போனேன்.”

சென்னிமலை பயந்துபோய் அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“தேறிப்போச்சா? கொண்டா இப்படி. இன்னம் செங்கல்தூளு போடல.”