ஈரச் சுவரில் ஏழு

"ரெண்டும் மூணும் எத்தனை அத்தை? நல்லா யோசிச்சு ஒட்டுங்க பாப்போம்!"

பாத்ரூமிலிருந்து வந்த குரலைக் கேட்டு, அப்போதுதான் வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மகள் கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

அம்மா நைட்டியோடு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அகலமான டப் நிறைய வெந்நீர். அதில் வாத்து, மீன், அடியில் ஓட்டை போட்ட குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். தண்ணீர் ஊற்றினால் சுற்றும் சக்கரம் ஒன்று சுவரில். பக்கத்திலேயே ஈர டைல்ஸில் ஒட்டிக்கொண்டு கலர் கலராக ஸ்பாஞ்சு எண்கள்.

அம்மாவின் வலது கை ஒரு வாத்தைப் பிடிக்கப் பார்த்து நழுவவிட்டது. இடது கை தண்ணீரைத் துழாவி ஓர் எண்ணை எடுத்துச் சுவரில் ஒட்டியது.

ஏழு.

"ஏழாம்! கேட்டுக்குங்க!" மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "திரும்ப முதல்லேருந்து எண்ணுவோமா? இந்தா ரெண்டு வாத்து, இந்தா மூணு மீனு..."

மகள் கையிலிருந்த பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

அம்மா கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பெயர் முட்டை டீச்சர். ஓர் இடத்தில் தப்பினாலும் விடைத்தாளில் முட்டைதான். ஏழெட்டு ஐம்பத்தாறைத் தப்பாகப் போட்டதற்குப் பெற்ற மகளுக்கே முட்டை போட்ட மகராசி!

பக்கவாதத்தில் கை விழுந்து, பேச்சு குழறிய பிறகு, "அம்மாவுக்கு நெனப்பும் சரியில்லக்கா" என்று தம்பி போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

அம்மாவைப் படுக்க வைத்த பிறகு சமையலறையில் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, என்ன கூத்து இது? உனக்குப் பொழுது போகலன்னா எங்கம்மாதான் கிடைச்சாளா?"

"கைக்குப் பயிற்சி அண்ணி. வெந்நீர்ல எதையாவது பிடிக்க வைக்கச் சொன்னாரு டாக்டரு."

"பிடிக்க ஒரு பந்து போதாது? 'ஒரு வயது முதல் மூன்று வரை'ன்னு அந்தப் பொம்மை வந்த அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்கு. மெனக்கெட்டுக் கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தியாக்கும்?"

"வாங்கல அண்ணி. வீட்டுலயே இருந்துச்சு."

"எத்தனை பேருக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த மனுஷி! அவகிட்டப் போயி வாத்தை எண்ணச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா? நாளைக்கு நானே குளிப்பாட்டுறேன். அப்படியே எங்க வீட்டுக்கும் கூட்டிட்டுப் போயிடுறேன். அம்மாவை மரியாதையா வச்சுக்க எனக்குத் தெரியும்."

மருமகள் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"கூட்டிட்டே போயிடுவீங்களா அண்ணி?"

'ஒரு சுமை குறைஞ்சுதுன்னு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பொம்மைகளை ஒன்றுவிடாமல் ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, "சாயங்காலம் எங்க வீட்டுக்குப் போயிடலாம்மா" என்றபடி முதல் குவளைத் தண்ணீரை மொண்டாள்.

அம்மா வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்...க?"

"எதும்மா?"

"நம்...பரு."

"அது குப்பைக்குப் போகுது. நீ என்ன பச்சப் புள்ளையா?"

அம்மாவின் இடது கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. குவளை பறந்து சுவரில் மோதியது. அந்தக் காலத்து முட்டை டீச்சரின் அதே முறைப்பு!

மகள் ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்து அவிழ்த்தாள். "இந்தா, விளையாடு. இப்ப திருப்தியா?"

அம்மா பைக்குள் கைவிட்டாள். தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்து ஈரச் சுவரில் ஒட்டினாள்.

ஏழு. எட்டு. கொஞ்சம் இடம் விட்டு ஐந்து. ஆறு.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழெட்டு ஐம்பத்தாறு!

"அம்மா... உனக்கு எல்லாம் தெரியுது! அப்போ நேத்து ரெண்டும் மூணும் ஏழுன்னு எதுக்கு ஒட்டுன?"

அம்மா பையைக் காட்டினாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, வழுக்கி வழுக்கி வந்தன.

"மருமக... வாங்கி வச்சது. ஆஸ்பத்திரிக்கு... போறதுக்கு முந்தி. வெறுங்கையோட... வந்தா."

போன வருஷம் தம்பியின் குழந்தை பிறந்த அன்றே கண்ணை மூடியபோது, காலையில் வந்து சாயங்காலமே கிளம்பிப் போனவள் இந்த மகள்.

"பெட்டியத் தொடவே... இல்ல. எனக்காகத்தான்... பிரிச்சா."

அப்போது வெளியிலிருந்து மருமகளின் குரல் கேட்டது.

"அண்ணி, ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சே? அத்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

அம்மா அவசர அவசரமாகச் சுவரிலிருந்த எண்களை வழித்துத் தண்ணீருக்குள் தள்ளினாள். மகளின் புடவையைப் பற்றிக் கிட்டே இழுத்தாள்.

"நான்... எங்கயும் வரலடி. சரியா ஒட்டிட்டா... அவ அப்புறம் யாருக்குச் சொல்லிக்குடுப்பா?"