எல்லாம் புரிந்த கிடா

ஒரு கோயில் கிடாவுக்கும் காக்கைக்கும் சிநேகம். கிடாவிடம் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டி, "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றுவிடும். புரியவில்லை என்றால் மட்டமாக நினைப்பார்களே என்று அதற்குப் பயம்.

வியாழக்கிழமை காக்கை பதறிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு உனக்கு மாலை போட்டு, தலையில மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. நீ தலைய ஆட்டினா, சாமி உத்தரவு குடுத்துடுச்சுன்னு வெட்டிடுவாங்க. ஆட்டாம நின்னா யாரும் தொட மாட்டாங்க. பொழுது சாஞ்சதும் அவுத்து விட்டுடுவாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று அகத்திக்கீரையை மென்றபடி தலையை ஆட்டியது கிடா.

வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் விழுந்தது. உறுமி மேளம் நின்றது. அத்தனை பேர் கூடிய இடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. எல்லா முகங்களும் கிடாவின் முகத்தை நோக்கிக் குனிந்திருந்தன. காது நுனியில் தண்ணீர் சொட்டியது, கிடா அசையவில்லை. இரண்டாவது குடம் ஊற்றினார்கள். மூன்றாவதும் ஊற்றினார்கள். அசையவில்லை. மர நிழல் நீண்டுகொண்டே போனது.

கிளையில் இருந்த காக்கைக்கு நம்பவே முடியவில்லை. நிஜமாகவே புரிந்துகொண்டதா, இல்லை மிரண்டுபோய் நிற்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் சொன்னது புரிஞ்சுதா?" என்று கத்தியது.

காக்கை ஒன்று கரைந்ததாகத்தான் கூட்டத்துக்குக் கேட்டது.

தெரிந்த குரல் கேட்டதும் கிடா நிமிர்ந்து பார்த்தது. "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று தலையை ஆட்டியது.

உறுமி மறுபடியும் அதிர்ந்தது.